கொச்சியைப் படகுத்துறையிலிருந்து தொடங்குங்கள்

தனியாக ஊர் சுற்றுகிறவர் கொச்சியில் இறங்கினால் முதல் இரண்டு நாள் எப்படிப் போகும் என்பது ஏறக்குறைய முன்கூட்டியே முடிவான விஷயம். ஃபோர்ட் கொச்சியில் ஒரு ஹோம்ஸ்டே, காலையில் சீனவலைக்கு முன்னால் ஒரு செல்ஃபி, பக்கத்திலேயே புனித பிரான்சிஸ் தேவாலயம், மதியம் ஆட்டோ பிடித்து மட்டாஞ்சேரி அரண்மனையும் யூதத் தெருவும், மாலையில் ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கிய கதகளி, மறுநாள் காலை ஆலப்புழைக்கு வண்டி. இந்தப் பட்டியலில் பார்க்கத் தகாதது என்று எதையும் சொல்ல முடியாது. ஆனால் ஐந்து நூற்றாண்டுகளுக்கும் மேலாக உலகத்தின் கப்பல்களைத் தன்னிடம் வரவழைத்த துறைமுகம் இதில் எங்கே இருக்கிறது? துறைமுகம் சம்பாதித்துக் கட்டியவற்றை மட்டும் பார்த்துவிட்டு, துறைமுகத்தைப் பார்க்காமல் திரும்பிவிடுகிறோம். கொச்சிக்குத் தனியாகப் போகிறவர் தம் முதல் சில நாள்களைப் படகுத்துறைகளுக்கும், சரக்கு இறங்கும் தெருக்களுக்கும், மீன் ஏலத்துக்கும் கொடுக்க வேண்டும். தேவாலயமும் அரண்மனையும் அதற்குப் பிறகு வரட்டும் என்பது என் கட்சி. வரிசையை மாற்றினால் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். அந்த நகரத்தின் விஷயத்தில் பொருளே மாறிவிடுகிறது.

காரணம், கொச்சியின் நிலமே தண்ணீர் எழுதியது. 1341-இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் கொடுங்கல்லூர்ப் பக்கத்து முகத்துவாரத்தை மண்ணால் தூர்த்து, தெற்கே கொச்சியில் புதிய வாயைத் திறந்துவிட்டது என்பது வரலாற்றாசிரியர்கள் பொதுவாகச் சொல்லும் கதை. முசிறிப் பட்டினத்தின் வழிவந்த வணிகம் அப்படித்தான் இடம்பெயர்ந்தது. 1500-இல் போர்த்துகீசியரின் கப்பல்கள் வந்தன. 1663-இல் டச்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். 1795-இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது. கொடி மாறியதே தவிர, எல்லோரும் ஒரே மிளகுக்காக ஒரே தண்ணீர்வாயைத்தான் காவல் காத்தார்கள். அந்த வாயிலும் ஒரு தடை இருந்தது. முகத்துவாரத்துக்கு வெளியே குறுக்கே கிடந்த மணல்திட்டு பெரிய கப்பல்களை உள்ளே விடாது. கப்பல் வெளிக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், சரக்கு சிறு தோணிகளில் போய்வரும், மழைக்காலத்தில் அந்த வேலை படுத்துவிடும். 1920-இல் வந்து சேர்ந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் அந்தத் திட்டை வெட்டிக் கால்வாய் எடுத்தார். 1928 மே 26 அன்று ‘பத்மா’ என்ற நீராவிக் கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. காயலின் அடியிலிருந்து வாரிய மண்ணைக் கொட்டியே வில்லிங்டன் தீவின் பெரும்பகுதி உருவாக்கப்பட்டது. இன்று துறைமுக அலுவலகமும் கடற்படையின் தளமும் நிற்பது அந்த மண்ணின் மேல். எர்ணாகுளத்திலிருந்து ஃபோர்ட் கொச்சிக்குச் சாலையில் போனால் தேவரா, வெண்டுருத்திப் பாலம், வில்லிங்டன் தீவு, தோப்பும்படி என்று சுற்றிக்கொண்டு போக வேண்டும். வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு இது தீவு என்றே படாது. நெரிசலான இன்னொரு சாலை என்றுதான் படும். ஊரின் வரலாற்றில் மிக முக்கியமான செய்கை அவருடைய டயருக்கு அடியில் தெரியாமல் போய்விடும்.

அதே தூரத்தை எர்ணாகுளம் மெயின் ஜெட்டியிலிருந்து மாநில நீர்ப்போக்குவரத்துத் துறையின் படகில் இருபது நிமிடம் போல் நேரத்தில் கடக்கலாம். டிக்கெட் விலை ஒரு தேநீருக்குக்கூட ஆகாது. அந்தப் படகைக் கொஞ்சம் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். முன்னால் சுக்கானைப் பிடித்து நிற்கிறவர் ஸ்ராங்க். அவருக்கு இன்ஜின் தெரியாது. இன்ஜினுக்குப் பக்கத்தில் இருக்கும் டிரைவருக்குப் பாதை தெரியாது. ஸ்ராங்க் கயிற்றை இழுத்து மணி அடிப்பார், அந்த மணிக்கணக்கைக் கேட்டு டிரைவர் வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார், பின்னுக்கு வாங்குவார். ஜெட்டி நெருங்கும்போது மணிகள் அடுத்தடுத்து விழும். படகு இன்னும் முழுதாக நிற்காதபோதே லஸ்கர் என்ற படகு ஊழியர் கையில் வடத்தோடு குதித்து, கட்டைக்குச் சுற்றிப் பிடித்துக்கொள்வார். கரைக்கும் படகுக்கும் இடையிலான இடைவெளியை ஒரு மூதாட்டி காய்கறிப் பையோடு யோசிக்காமல் தாண்டிப் போவார். பலருடைய தினசரி வாழ்க்கை இந்தக் கூட்டுவேலையின் மேல் ஓடுகிறது. வைப்பின் தீவை எர்ணாகுளத்தோடு இணைக்கும் கோஸ்ரீ பாலங்கள் 2004-இல்தான் திறந்தன. அதுவரை பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வேலை எல்லாமே வைப்பின்காரர்களுக்குப் படகு வரும் நேரத்தைப் பொறுத்தது. இதைத் தெரிந்துகொண்டு படகில் உட்கார்ந்தால் அது உல்லாசச் சவாரியாகத் தோன்றாது.

படகிலிருந்து தெரிவது எதுவும் தானாக அங்கே வந்து நிற்கவில்லை என்பதும் அங்கேதான் உறைக்கும். வலப்பக்கம் போல்காட்டித் தீவில் 1744-இல் டச்சுக்காரர்கள் கட்டிய மாளிகை, அதைத் தாண்டி வல்லார்பாடத்தின் ராட்சதக் கிரேன்கள். அந்தக் கன்டெய்னர் முனையம் 2011-இல் இயங்கத் தொடங்கியது. அதற்கான சாலைக்கும் ரயில் பாதைக்கும் நிலம் எடுத்தபோது 316 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 2008 பிப்ரவரியில் மூலம்பிள்ளியில் வீடுகளை இடித்து ஆட்களை அப்புறப்படுத்தியது கேரளம் முழுக்கப் பேசப்பட்டது. மறுவாழ்வுக்கான போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. டச்சு மாளிகையைப் பற்றி எல்லா வழிகாட்டிகளும் சொல்கின்றன, கிரேனைப் பற்றி யாரும் சொல்வதில்லை. இரண்டும் ஒரே ஜன்னலில் ஒரே நிமிடத்தில் தெரிகின்றன. ஒன்றை வரலாறு என்றும் மற்றதை இடைஞ்சல் என்றும் பிரிக்கும் பழக்கத்தைத்தான் கரையிலிருந்து தொடங்கும் பயணம் நமக்குக் கற்றுக்கொடுக்கிறது. 2023 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய வாட்டர் மெட்ரோவும் நல்ல ஏற்பாடுதான்; கொச்சிக் கப்பல் கட்டும் தளத்திலேயே கட்டிய மின்படகுகள், சுத்தம், குளிர்சாதனம், நேரம் தவறாமை. ஆனால் முதல் சவாரி திறந்த பலகை ஜன்னல் உள்ள பழைய படகில் இருக்கட்டும். காற்றும் டீசல் வாசமும் மீன் வாசமும் கண்ணாடிக்கு அப்பால் போய்விட்டால் துறைமுகத்தில் பாதி போய்விடும்.

இதைத் தனியாகப் போகிறவருக்கென்று சொல்வதற்குக் காரணம் உண்டு. குடும்பத்தோடு போகிறவர் ஒரு ஜெட்டியில் அரைமணி நேரம் சும்மா நிற்க முடியாது. குழந்தைக்குப் பசிக்கும், பெரியவருக்குக் கால் வலிக்கும், யாராவது ‘அடுத்து என்ன?’ என்று கேட்பார்கள். காட்சிகளின் பட்டியல் உண்மையில் கூட்டமாகப் போகிறவர்களுக்காக உருவானது. எல்லோரையும் சமாதானப்படுத்த அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. தனி ஆளுக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. ஆனாலும் அவர்தான் முதல் நாளில் பட்டியலை மிக இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறார், ஏனென்றால் தெரியாத ஊரில் கூச்சமும் பயமும் அவருக்குத்தான் அதிகம். அந்தக் கூச்சம் தெளிய நினைவுச்சின்னம் உதவாது. தேவாலயத்துக்குள் நிற்கும் தனிப்பயணி முன்னைவிடத் தனியாகத்தான் இருப்பார். படகில் அப்படி இல்லை. டிக்கெட் எங்கே வாங்குவது, எந்தப் பக்கம் உட்காருவது, எந்த ஜெட்டியில் இறங்குவது என்று மூன்று கேள்வி கேட்டே ஆக வேண்டும். மூன்றுக்கும் பதில் வரும். தமிழ் பேசுகிறவருக்கு மலையாளம் பாதி புரியும், நம் தமிழ் அவர்களுக்கு முக்கால் புரியும்.

இரண்டாம் நாளை மட்டாஞ்சேரிக்குக் கொடுக்கலாம், ஆனால் ஆட்டோவில் யூதத் தெரு வாசலில் போய் இறங்குவதாக இல்லாமல், ஃபோர்ட் கொச்சியிலிருந்து கல்வத்தி வழியாக பஜார் ரோட்டில் நடந்து. காயலை ஒட்டியே போகும் அந்தத் தெருவில் பண்டகசாலைகளுக்கு இரண்டு முகம்: ஒன்று தண்ணீரைப் பார்த்து, மற்றது தெருவைப் பார்த்து. தோணியில் வந்த மூட்டை பின்வாசலில் ஏறி முன்வாசலில் வண்டிக்குப் போகும் என்ற கணக்கில் கட்டியவை. இன்று பின்வாசல்கள் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டன. அரிசி, வெங்காயம், பருப்பு, சுக்கு, ஏலம் லாரியில் வருகின்றன. நடுமுற்றத்தில் இஞ்சியைக் காயப்போட்ட கிடங்குகளில் சில, காஷ்மீரத்துச் சால்வைகளும் பழம்பொருள்களும் விற்கும் கடைகளாகிவிட்டன. 1867-இல் தொடங்கிய ஆஸ்பின்வால் நிறுவனத்தின் வளாகம் 2012 முதல் கொச்சி-முசிறிஸ் பினாலே என்ற கலைவிழாவின் முக்கியக் கூடமாக இருந்துவந்திருக்கிறது. உலகத்தின் ஓவியர்களை அங்கே ஈர்த்தவற்றில் அந்தக் கிடங்குகளுக்கும் பெரிய பங்கு உண்டு. கிடங்கு என்பதன் அருமை கலை உலகத்துக்குத் தெரிந்த அளவுகூடச் சுற்றுலாக் கையேடுகளுக்குத் தெரியவில்லை என்பது எனக்கு வருத்தம்.

இந்தத் தெருவில் நடக்கும்போது நினைவில் வைத்திருக்க வேண்டிய ஒரு தேதி 1953 செப்டம்பர் 15. அந்தக் காலத்தில் துறைமுகத்தில் வேலை கிடைப்பதற்குச் ‘சாப்பா’ என்ற உலோகச் சில்லு வேண்டும். காலையில் கூடி நிற்கும் கூலிகள் நடுவே கங்காணிகள் சில்லுகளை வீசுவார்கள். முண்டியடித்து, ஒருவர் கையை மற்றவர் முறுக்கி, யார் பிடிக்கிறார்களோ அவருக்கு அன்று வேலை. மற்றவர்கள் பசியோடு வீட்டுக்கு. அந்த முறையை ஒழிக்கக் கேட்டுப் போராடிய தொழிலாளர்கள் மீது மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது; உயிர்கள் போயின. ராஜீவ் ரவி இயக்கிய ‘துறமுகம்’ என்ற படம் 2023-இல் அதைத் திரைக்குக் கொண்டுவந்தது. கேரளத்தில் சுமைதூக்குவோருக்கென்று 1978-இல் தனிச் சட்டம் வந்ததற்குப் பின்னால் இப்படிப்பட்ட தலைமுறைகளின் கோபம் இருக்கிறது. பஜார் ரோட்டில் மூட்டை இறக்குகிறவர்கள் இன்று கூலியை உரத்துக் கேட்டு வாங்குவதைச் சில பயணிகள் ‘கேரளாவில் யூனியன் தொல்லை’ என்று சொல்லிக் கடந்துபோகிறார்கள். சாப்பாவைப் பற்றித் தெரிந்தவர் அப்படிச் சொல்ல மாட்டார்.

இவ்வளவுக்கும் பிறகு அரண்மனைக்குப் போனால் அது வேறு கட்டடமாக இருக்கும். 1555-ஐ ஒட்டிப் போர்த்துகீசியர் கட்டி கொச்சி மன்னருக்குப் பரிசளித்தது, பின்னால் டச்சுக்காரர்கள் பழுதுபார்த்தது. சுவரில் இராமாயண ஓவியங்கள். வியாபாரிகள் ஒரு மன்னருக்கு வீடு கட்டித் தரவேண்டிய அவசியம் என்ன என்ற கேள்விக்கு மிளகு மூட்டையைப் பார்த்துவிட்டு வந்தவருக்குப் பதில் தெரியும். 1568-இல் எழுந்த பரதேசி யூதர் ஜெபக்கூடத்தின் தரையில் பதித்திருக்கும் சீனத்து நீல ஓடுகளும் அப்படியே. அவை வந்த வழியை ஏற்கெனவே படகில் கடந்துவிட்டிருப்பார். பக்கத்துத் தெருக்களில் கொங்கணிகளின் திருமலைக் கோயில், குஜராத்திகளின் சமணக் கோயில், கட்சிலிருந்து வந்த மேமன்கள், தமிழ்ப் பிராமணர்கள் என்று இத்தனை பேர் இந்தச் சிறிய இடத்தில் ஏன் சேர்ந்தார்கள் என்பதற்கும் தனி விளக்கம் வேண்டாம்.

‘இருப்பதே மூன்று நாள் விடுப்பு, அதில் ஜெட்டியையும் கிடங்கையும் பார்த்துக்கொண்டிருந்தால் முக்கியமானதெல்லாம் விட்டுப்போகும்’ என்பது நியாயமான ஆட்சேபம். வாஸ்கோ ட காமாவைப் புதைத்த இடத்தைப் பார்க்காமல் வருவதா என்று கேட்பார்கள். 1524 கிறிஸ்துமஸை ஒட்டி கொச்சியில் இறந்த அவருடைய எச்சங்களைச் சில ஆண்டுகள் கழித்து போர்ச்சுகலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள், இருப்பது நினைவுக்கல். அதைப் பார்க்கப் பதினைந்து நிமிடம் போதும். இன்னொன்று, பட்டியலை நம்பிப் போகிறவருக்குப் பட்டியலே துணை நிற்பதில்லை. மட்டாஞ்சேரி அரண்மனை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஜெபக்கூடம் சனிக்கிழமை திறக்காது. சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ வார இறுதியைக் கணக்குப் பண்ணி வெள்ளி காலை போய் இறங்குகிறவர் இரண்டு கதவையும் மூடிய நிலையில் பார்க்க நல்ல வாய்ப்பு உண்டு. படகுக்கு விடுமுறை கிடையாது. சந்தைத் தெருவும் மீன் துறைமுகமும் தங்கள் நேரத்துக்கு நடந்துகொண்டே இருக்கும். ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரையிலான விசைப்படகுத் தடைக்காலத்தில் மட்டும் துறைமுகம் களையிழந்திருக்கும், அதைத் தவிர்த்துக்கொள்ளலாம்.

பாதுகாப்பு பற்றிய ஆட்சேபம் இதைவிடக் கனமானது, குறிப்பாகத் தனியாகப் போகும் பெண்ணுக்கு. கேரளம் என்பதற்காக எல்லாம் சரியாக இருக்கும் என்று சொல்வது பொறுப்பற்ற பேச்சு. இருட்டிய பிறகு ஃபோர்ட் கொச்சிக் கடற்கரையின் ஆளில்லாத பகுதியில் உட்காருவதை உள்ளூர்க்காரர்களே சொல்ல மாட்டார்கள். ஆனால் ஆபத்து எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று பார்த்தால் என் வாதம் பலப்படுகிறதே தவிர பலவீனப்படவில்லை. வேலைக்குப் போகும் பெண்கள், கல்லூரி மாணவிகள், மீன் விற்கிறவர்கள் நிறைந்த பயணிகள் படகு, முகம் தெரியாத ஒருவரின் வண்டியில் தனியாகப் போவதைவிடப் பத்திரமானது. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று காலையிலேயே ஜெட்டியில் கேட்டு வைத்துக்கொண்டு, அதற்கு முந்தைய படகையே கடைசியாகக் கணக்கில் கொள்வது நல்லது. தண்ணீர் ஆபத்தும் கற்பனையில்லை. 2015 ஆகஸ்ட் 26 அன்று ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் இடையே ஓடிய பயணிகள் படகு மீன்பிடிப் படகோடு மோதி 11 பேர் இறந்தார்கள். ஆகவே, எண்ணிக்கைக்கு மேல் ஆளேற்றிய படகு என்றால் விட்டுவிட்டு அடுத்ததற்கு நிற்க வேண்டும். அவசரமில்லாத தனிப்பயணியால் அது முடியும்.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது, அதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். உழைக்கிறவர்களின் வேலையிடத்தில் போய் நின்று வேடிக்கை பார்ப்பது அவர்களையும் காட்சிப்பொருளாக்குவதுதானே? சீனவலைகளுக்கு நேர்ந்திருப்பது இதுதான். தேக்கும் மூங்கிலும் சேர்த்துக் கட்டிய அந்தச் சட்டத்தை, கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட பாறைகளின் எதிர்க்கனத்தால் இறக்கி ஏற்ற நாலைந்து பேராவது வேண்டும். வலை மேலே வரும்போது அடியில் துடிக்கிற மீன் சில சமயம் இரண்டு கை கொள்ளாது, பல சமயம் ஒரு கைக்குக்கூட இல்லை. அதனால் வெளிநாட்டவரைக் கூப்பிட்டுக் கயிறு பிடிக்கவைத்துக் காசு வாங்குவது மீன்பிடித்தலுக்குத் துணைத் தொழிலாகிவிட்டது. இதற்குப் பரிகாரம் அங்கே போகாமல் இருப்பதில் இல்லை என்று நினைக்கிறேன். வேலை நடக்கும் இடத்துக்கு அந்த வேலையின் பயனாளியாகப் போவதில் இருக்கிறது.

வேலி மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தோபிகானா இதற்கு நல்ல சான்று. அங்கே துவைக்கிறவர்கள் தமிழ் வண்ணார்கள். டச்சுக்காரர் காலத்தில் சிப்பாய்களின் உடுப்பைத் துவைக்கத் தமிழகப் பகுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழியினர் என்பது அவர்கள் தலைமுறையாகச் சொல்லிவருவது. வரிசையாகத் துவைதொட்டிகள், ஒவ்வொன்றுக்கும் கல். வெளியே வெள்ளை விரிப்புகள் காயும் கொடியைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்: கிளிப் ஒன்றுகூட இல்லை. இரண்டு புரியாக முறுக்கிய கயிற்றின் புரிகளுக்கு இடையில் துணியின் முனையைச் செருகிவிடுகிறார்கள். காற்று எவ்வளவு அடித்தாலும் முறுக்கு விடாது. கஞ்சி போட்டு, கனத்த இஸ்திரிப் பெட்டியால் அவர்கள் தேய்த்துத் தரும் சட்டையின் மடிப்பு ஹோட்டல்காரர்களையே அங்கே வரவழைக்கிறது. பல பயணிகள் உள்ளே வந்து படமெடுத்துப் போய்விடுகிறார்கள். ஒரு பையோடு சுற்றும் தனிப்பயணிக்கு மூன்றாம் நாள் துவைத்த துணி எப்படியும் தேவை. அங்கே கொடுத்து, கேட்ட கூலியைக் கொடுத்து, தமிழிலேயே பேசி வாங்கிக்கொள்ளலாம்.

தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்திலும் தமிழ் கேட்கும், கன்னியாகுமரிக் கடற்கரைத் தமிழ். தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் வெகுகாலமாக இந்தத் துறைமுகத்தைத் தளமாக வைத்துத் தொழில் செய்கிறார்கள். 2017-இல் ஒக்கிப் புயல் வந்தபோது தமிழகக் குடும்பங்கள் கொச்சியிலிருந்து சேதிக்குக் காத்திருந்ததற்கு அதுவே காரணம். அதிகாலை ஏலத்தின்போது வழியை மறிக்காமல், கேட்காமல் கேமராவை நீட்டாமல், ஒரு ஓரத்தில் நிற்கிறவரை யாரும் விரட்டுவதில்லை. அங்கிருந்து பேருந்தில் தெற்கே போனால் செல்லானம். கடல் வீட்டு வாசலுக்கு வந்த ஊர். இப்போது டெட்ராபாட் எனும் நாலுகால் கான்கிரீட் கட்டைகளை அடுக்கி ஒரு பகுதிக்குச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். சுவர் எட்டாத பகுதிக்காரர்களின் போராட்டம் ஓயவில்லை. கப்பல் கால்வாயில் வாரும் மண்ணைக் கடலில் கொட்டாமல் எங்கள் கரைக்குக் கொடுங்கள் என்பது அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. துறைமுகத்தை ஆழமாக வைத்திருக்கும் செலவை யார் சுமக்கிறார்கள் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த அருங்காட்சியகமும் சொல்லாது.

பயணிகள் எல்லோரும் மலிவுப் படகில் ஏறினால் தினமும் போகிறவர்களுக்கு இடம் இருக்காதே என்று கேட்டால், அதுவும் சரிதான். காலை எட்டிலிருந்து பத்து வரையும் மாலை ஐந்திலிருந்து ஏழு வரையும் அந்த இருக்கைகள் அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் போகிறவர்களுடையவை. ஊர் பார்க்க வந்தவர் பதினொரு மணிப் படகில் ஏறலாம். அதைவிடப் பெரிய கவலை வேறு. வாட்டர் மெட்ரோவின் பளபளப்பில் பழைய படகுகளின் சேவை சுருங்கிவிடக் கூடாது. குளிர்சாதனப் படகின் குறைந்தபட்சக் கட்டணமே பழைய படகின் கட்டணத்தைப் போல் சில மடங்கு. தினம் இரண்டு முறை கடக்கும் கூலிக்காரருக்கு அந்த வித்தியாசம் மாதக் கடைசியில் அரிசியாகத் தெரியும். சுற்றுலாவுக்காகப் புதிய முனையங்கள் கட்டும் அரசு, பழைய ஜெட்டிகளின் பலகைகளையும் படகுகளின் எண்ணிக்கையையும் அதே அக்கறையோடு காப்பாற்றியாக வேண்டும்.